வடகாசியின் கல்

பேயப் பாக்க வந்தவுகதான தம்பி? வெக்கப்படாதிய. கழுத்துல கேமராவத் தொங்கப் போட்டுக்கிட்டு, வந்ததுல இருந்து வாசலுக்கும் வேப்பமரத்துக்குமா நடக்கியளே, அதுலயே தெரிஞ்சு போச்சு. முதுமக்கள் தாழியப் பாக்க வாரவுக இப்படி முழிக்க மாட்டாக. டிக்கெட்ட வாங்குனமா, பாத்தமா, கண்ணாடிப் பெட்டி மேல கைய வச்சு ஏச்சு வாங்குனமான்னு போயிக்கிட்டே இருப்பாக. பேயப் பாக்க வாரவுகதான் உள்ள போகப் பயந்து, திரும்பிப் போகவும் மனசில்லாம, இந்த வராந்தாவுல வந்து நிப்பாக. உக்காருங்க. இந்தப் பெட்டிய மட்டும் அங்கிட்டுத் தள்ளிக்கிடுதேன்.

சீனிக்கிழங்கு. பெட்டி நெறைய. விக்கதுக்கில்ல தம்பி. காவக்காரன் வெயிலுமுத்துவும் அதத்தான் கேட்டான், ‘எக்கா, மியூசியத்துல வந்தா கெழங்கு விக்கப் போற?’ன்னு. ஆமாடான்னு சொல்லிக் கொஞ்சம் எடுத்துக் குடுத்தேன், வாய மூடிட்டான். அவன் சாப்பிடப் போகட்டும்னுதான் காத்துக் கெடக்கேன். போனதும் உங்ககிட்ட ஒரு ஒத்தாச கேக்கணும். பெரிசா ஒண்ணுமில்ல, ஒரு கை குடுத்தாப் போதும்.

போன் அடிக்குதா? அடிக்கட்டும். என் மக சக்திதான். காலையில வலி கண்டுட்டுன்னு பைபாஸ் பக்கத்துல இருக்க பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கு. மாப்பிள்ளை கூட இருக்காரு, சம்பந்தகாரியும் இருக்கா. எடுத்தம்னா ‘அம்மா வா, அம்மா வா’ன்னுதான் சொல்லுவா. நான் வேலையத்துப் போயா இங்க உக்காந்திருக்கேன்? அவளுக்காகத்தான உக்காந்திருக்கேன்! அது அந்தக் கழுதைக்கு எங்க தெரியுது.

இது முன்ன ஆஸ்பத்திரியா இருந்த எடம்னு சொல்லியிருப்பாகளே. தர்மாஸ்பத்திரி. சுத்துவட்டாரத்துல பாதிப் பேரு இங்க பொறந்தவுக, மிச்சப் பேரு இங்க செத்தவுக. நாம உக்காந்திருக்கமே, இங்கதான் சீட்டு எழுதிக் குடுப்பாக. அன்னா, சாமி சிலையெல்லாம் நிக்குதே, அது காய்ச்சல் வார்டு. ஈட்டி, அருவா, வாளுன்னு மாட்டியிருக்காகளே, அதுதான் கட்டுப் போடுத ரூமு. வெட்டுப்பட்டு வாரவுகளுக்கு அங்கதான் தையல் போடுவாக. இப்ப வெட்டுன ஆயுதத்த மாட்டி வச்சிருக்காக, பாத்துக்கிடுங்க. கடைசியா சன்னல்ல பச்சைப் பெயிண்ட் அடிச்சிருக்கே, அது பிரசவ வார்டு. கல் கூடம்னு இப்பப் பேரு. ஊருல பேத்தெடுத்த கல்லு, உரலு, தாழி, எல்லாத்தையும் அங்க கொண்டாந்து எறக்கியாச்சு. பிரசவம் பாக்குத இரும்புக் கட்டில மட்டும் தூக்க ஆளில்லாம மூலையில விட்டுட்டாக. அப்புறம் அதுக்கும் ஒரு போர்டு எழுதி மாட்டிட்டாக.

பேயி அந்த வார்டுலதான். வடகாசின்னு பேரு.

அட, எதுக்கு எந்திரிக்கிய? கடிக்கவா போறா? எனக்குச் சொந்தந்தான். எங்க வீட்டுக்காரருக்கு மொதத் தாரம். நான் ரெண்டாவது.

மொதப் பிரசவத்துக்கு இந்த வார்டுக்குள்ள போனவ, திரும்பி வரல. புள்ளையும் வெளிய வரல. வயித்துல வச்சுக்கிட்டே போயிட்டா. யாரையும் குத்தம் சொல்லதுக்கில்ல தம்பி, அப்பல்லாம் அப்படித்தான், நல்லா இருக்கும்போதே உசுரு போயிரும். அப்படிப் போனவளுக்கு எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எறக்காத சுமையோட போனவ எங்கயும் உக்கார மாட்டா, அலைவா. அதனால அவ பேரால ரோட்டோரத்துல சுமைதாங்கி நடணும். ரெண்டு கல்ல ஆள் கழுத்து ஒசரத்துக்கு நட்டு, மேல ஒரு கல்லப் படுக்கப் போடுதது. தலைச்சுமையோட வாரவுக, எறக்கி விட ஆள் தேட வேண்டாம். நேரா வந்து நின்னு, சுமைய அந்தக் கல்லுக்குத் தள்ளி விட்டுட்டு மூச்சு வாங்கிக்கிடலாம். போறப்ப தலையக் குடுத்து இழுத்துக்கிட்டுப் போயிரலாம். அப்படி வாரவுக போறவுக சுமைய அவ வாங்க வாங்க, அவ சுமையும் குறையும்.

எங்க வீட்டுக்காரரு சந்தைக்குப் போற ரோட்டுல நட்டாரு. உடைஞ்சு கெடந்த கம்மாய் மடையில இருந்து ஒரு நீளக் கல்ல வண்டியில ஏத்திக் கொண்டாந்து மேல போட்டாரு. அதுல கோழி கிளறுன மாதிரி என்னமோ எழுத்து இருந்துச்சு. யாரு அதையெல்லாம் பாத்தா?

நான் வாக்கப்பட்டு வந்த மறுநாளு, எங்க மாமியா ஒரு குடம் தண்ணியத் தலையில தூக்கி வச்சு, என்னை அந்தக் கல்லுக்குக் கூட்டிட்டுப் போனாக. ‘எறக்கி வையி’ன்னாக. வச்சேன். ‘உனக்கு முன்னால வந்தவ. அவ எறக்காமப் போயிட்டா. நீ நல்லபடியா எறக்கணும்னா ஒவ்வொரு வாட்டியும் இவகிட்டச் சொல்லிட்டுப் போ’ன்னாக. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வந்த மறுநாளே சக்களத்தி கால்ல விழச் சொன்னா எவளுக்குத்தான் ஆத்தாது? கல்ல மொறச்சுப் பாத்துட்டு வந்தேன்.

ஆனா நான் கெழங்கு விக்கப் போனவ பாருங்க. தெனம் தலையில பெட்டியோட அந்த வழியாத்தான் போகணும். வெயிலுல கழுத்து எறங்கி வாரப்ப, மொறச்ச மொகத்தோட அவகிட்டயே போயிச் சுமைய வைக்கணும். எம்புட்டு நாளைக்கு மொறைக்க முடியும்? மொத வருசம் பேசாம வச்சேன், பேசாம எடுத்தேன். அப்புறம் ‘வாரேங்க்கா’ன்னு சொல்ல ஆரம்பிச்சேன். அப்புறம் உக்காந்து பேச ஆரம்பிச்சிட்டேன்.

வேற யார்கிட்டப் பேசச் சொல்லுதிய? மாமியா ஏசுனாகன்னா அவகிட்டச் சொல்லலாம். அவளுக்கும் அதே மாமியாதான, எனக்கு முந்தி அந்த வாயில விழுந்து எந்திரிச்சவ. வீட்டுக்காரரப் பத்திச் சொல்லணும்னாலும் அவகிட்டத்தான் சொல்ல முடியும். கொறட்டையச் சொன்னாலும் அவளுக்குப் புரியும், கொழம்புல உப்பு கூடிட்டுன்னு தட்டத் தள்ளுததச் சொன்னாலும் புரியும். அந்த மனுசன் ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என் தலையில சுமை தூக்கி விட்டதில்ல தம்பி. எறக்கி விட்டதுமில்ல. என் சுமைய வாங்குனது அவதான். உள்ளதச் சொல்லுதேன், எனக்குன்னு இந்த ஊருல ஒருத்தி இருந்தான்னா அது வடகாசிதான்.

மாமியா சொன்னத நானும் விடல. ஒவ்வொரு பேறுக்கும் வலி எடுத்ததும், வண்டிய அந்தக் கல்லுகிட்ட நிறுத்தச் சொல்லி, தலையில ஒரு பெட்டிக் கெழங்க வச்சு, அவ மேல எறக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன். இதே ஆஸ்பத்திரிக்கு, அவ போன அதே வார்டுக்கு. ரெண்டு பையன், கடைசியா இந்த சக்தி. நகம் அழுக்காகாமப் பெத்துட்டு வந்தேன்.

இருங்க. திரும்ப அவதான். மாப்பிள்ளை போன்ல இருந்து அடிக்கா இப்ப. மாப்பிள்ளைன்னா எடுத்துருவேன்னு நெனைக்கா. என் வயித்துல பொறந்த புத்தி அது. நிக்கட்டும்.

அப்புறம் என்னாச்சு? ரோட்ட அகலம் பண்ணுதோம்னு வந்தாக. ஜேசிபிய விட்டுக் கல்ல அசைக்கவும் மேல போட்ட கல்லுல விரிசல் விட்டுட்டு. தூக்கித் தூரப் போடப் போனவுக, அந்த எழுத்தப் பாத்துட்டு மியூசியத்துக்குச் சொல்லிட்டாக. லாரியில ஏத்திக் கொண்டாந்து, காலு ரெண்டும் மேக்கல்லும் எப்படி இருந்துச்சோ அப்படியே நிறுத்திட்டாக. எங்க நிறுத்துனாக தெரியுமா? பிரசவ வார்டுல. இடம் அங்கதான் காலியா இருந்துச்சாம். அவ எந்த எடத்துல இருந்து தப்பிச்சு ரோட்டுக்கு வந்தாளோ, அங்கயே கொண்டாந்து அடைச்சிட்டாக. சுத்தி ஒரு கயிறு. முன்னால ஒரு போர்டு. ‘மடைக்கல், பதினேழாம் நூற்றாண்டு, தொடாதீர்.’

பதினேழாம் நூற்றாண்டாம்! என்னைவிட ரெண்டு வயசு மூத்தவ.

நான் கேக்காம விடுவனா? புது ஆபீசரம்மாகிட்டப் போனேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் புள்ள, நல்ல புள்ள, பொய் சொல்லக் கூடாது. நாற்காலி போட்டு உக்கார வச்சுச்சு. ‘அம்மா, நீங்க சொல்றதும் சரி, போர்டுல இருக்கறதும் சரி. கல்லு பழசு. அதை நீங்க நட்டது புதுசு. உங்க அக்கா பேரையும் சேத்து எழுதிடறேன்’னுச்சு. ‘பேரு கெடக்கட்டும் தாயி, ஒரு சுமை மட்டும் வச்சுக்கிடுதேன்’னேன். ‘அது மட்டும் முடியாதும்மா. விரிசல் விட்டிருக்கு. பாரம் வச்சா உடைஞ்சிடும், உங்க காலு மேலயே விழும்’னுச்சு. சுமைதாங்கிமேல சுமை வைக்கக் கூடாதுன்னு சொல்லுத ஊரு எங்கயாவது உண்டா? அது நாள் பூரா சும்மா நிக்குது தம்பி. பாக்கவே பாவமா இருக்கு.

அந்த வருசந்தான் சக்தி முழுகாம இருந்தா. மொதப் புள்ள. எட்டு மாசத்துல தவறிப் போச்சு.

டாக்டரு என்னமோ பேரு சொன்னாரு, ரத்தத்துல உள்ளதுன்னு. சக்தியும் அதத்தான் சொல்லுதா. ‘கல்லத் தூக்கிட்டுப் போனதுக்கும் எனக்கும் என்னம்மா சம்பந்தம்?’னு கத்துதா. அவளுக்குப் படிப்பு இருக்கு, எனக்கு வயிறு இருக்கு. மூணு பெத்தவளுக்குத் தெரியாதா? வாங்குததுக்கு ஆளில்லன்னா சுமை எங்க போயி எறங்கும்? இப்ப திரும்ப நெறைமாசம். அதான் பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டேன். ஆபீசரம்மா இன்னிக்கு ஜில்லா ஆபீசுல மீட்டிங்குக்குப் போயிருக்கு. இத விட்டா எனக்கு வேற நேரம் கெடையாது.

பேயப் பத்திச் சொல்லச் சொன்னியளோ? சொல்லுதேன்.

கல்லு வந்து கொஞ்ச நாளையிலயே கதை கெளம்பிருச்சு. மத்தியானம், வெயிலுமுத்து சாப்பிடப் போற நேரமாப் பாத்து வருதாம். காலேஜ் புள்ளைக ரெண்டு பேரு மொதப் பாத்தாளுக. பச்சைச் சேலை கட்டி, கல்லுக்கு அடியில சம்மணம் போட்டு உக்காந்து, ஒரு பொம்பளை தன்னால பேசிக்கிட்டிருந்தாளாம். கத்திக்கிட்டு ஓடியாந்துட்டாளுக. அப்புறம் பெயிண்ட் அடிக்க வந்தவன் பாத்தான். தரையில நெடுக நீட்டிப் படுத்துக் கெடந்துச்சாம். செவ்வாக்கெழமைன்னா தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு வருதாம், முடியில இருந்து தண்ணி சொட்டுதாம். புருசன வேற ஏசுதாம்! ‘பாவி மனுசன், ஒரு கை குடுத்திருப்பானா’ன்னு சன்னலுக்கு வெளிய வரைக்கும் கேக்குதாம். அவ எதுக்கு ஏச மாட்டா? எனக்குத் தெரியாதா அந்த மனுசன.

எனக்கு என்ன வருத்தம் தெரியுமா? ஊரு உலகமெல்லாம் பாக்குது. எவனெவனோ வந்து பாத்துட்டுப் போறான். என் கண்ணுல மட்டும் படவே மாட்டேங்கா. இம்புட்டுக்கும் நான் தெனம் வாரேன் தம்பி. அதே மத்தியானம், அதே வார்டு. வெயிலுமுத்து சாப்பிடப் போனதும் கயிறத் தாண்டி அந்தக் கல்லுக்கு அடியிலதான் உக்காந்திருக்கேன். தரை குளுகுளுன்னு இருக்கும், செத்த நேரம் கட்டையச் சாச்சுக்கிடுவேன். செவ்வாக்கெழமை தலைக்குக் குளிச்சிட்டு, ஈரம் காயட்டும்னு அவுத்துப் போட்டுக்கிட்டு அங்கதான் கெடக்கேன். வீட்டுக்கதையெல்லாம் சொல்லுதேன், அந்த மனுசனப் பத்தி நானும் நாலு ஏச்சு ஏசிட்டுத்தான் வாரேன். ஒரு நாளாவது எனக்கு முன்னால வந்து நின்னிருப்பாளா?

ஏன் தம்பி சிரிக்கிய?

வெயிலுமுத்துவும் இப்படித்தான் சிரிப்பான். என்னடான்னு கேட்டா, ‘ஒண்ணுமில்லக்கா, உன் பச்சைச் சேலை நல்லாருக்கு’ம்பான். கிறுக்குப் பய.

நெசமாவே வருத்தமா இருக்கு. இம்புட்டு வருசம் பேசியிருக்கேன், ஒரு வார்த்தை அவ பேசுனதில்ல. கோவமா இருக்காளோன்னு தோணுது. அவ வாழ வேண்டிய வீட்டுல நான் வாழ்ந்துட்டேன். அவ பெறாத புள்ளைய நான் பெத்தேன். ஒரு தரம் மொகத்தப் பாத்துட்டம்னா போதும். போட்டோகூடக் கெடையாது, தெரியுமா? மாமியா சொல்லுவாக, செவப்புன்னு. வீட்டுக்காரரு ஒரு தரம் வாய் தவறி, சிரிச்சா ஒரு பக்கம் குழி விழும்னாரு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். அத வச்சு நானா ஒரு மொகத்த ஒட்டிப் போட்டு வச்சிருக்கேன்.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. வெள்ளிக்கெழமை மியூசியம் லீவு. நானும் வர முடியாது, வீட்டுலதான் கெடப்பேன். ஒரு வெள்ளிக்கெழமை ஆபீசரம்மா எதையோ மறந்து வச்சிட்டேன்னு வந்து தொறந்திருக்கு. வார்டுக்குள்ள ஒரு பொம்பளை மூச்சு வாங்குத சத்தம் கேட்டுச்சாம். தலையில பெருஞ்சுமைய வச்சுக்கிட்டு மேட்டுல ஏறுனா வரும் பாருங்க, அந்த மூச்சு. பூட்டுன கதவுக்கு அந்தப் பக்கம். புறாவா இருக்கும், வவ்வாலா இருக்கும்னு எல்லாரும் சொன்னாக. அதுவும் ஆமான்னு தலைய ஆட்டிக்கிச்சு. ஆனா அன்னைக்குப் பொறவு அந்த ஆபீசரம்மா தனியா அந்த வார்டுக்குள்ள போறதில்ல. படிச்ச புள்ள, பொய் சொல்லி அதுக்கு என்ன ஆகப் போகுது?

பாத்தியளா, இப்பச் சிரிப்பக் காணும்.

அன்னா, வெயிலுமுத்து சைக்கிள எடுத்துட்டான். ‘எக்கா, பாத்துக்க’ங்கான். பாத்துக்கிடுதேண்டா, போ, போயி வயித்துக்குச் சாப்பிடு. எந்திரிங்க தம்பி. முன்னமாதிரி எனக்குக் கழுத்துல தெம்பு இல்ல. இங்க இருந்து ஒரு கை போட்டு என் தலையில தூக்கி விடுங்க, போதும். இருங்க, சும்மாடு சுருட்டிக்கிடுதேன். ம், தூக்குங்க. அம்மாடி! தலையிலதான் கொண்டு போகணும், கையில தூக்கிட்டுப் போயி வச்சா அது சுமை ஆகாது. கூட வாங்க. தள்ளி நிக்காதிய, கேமராவெல்லாம் அப்புறம்.

குனிஞ்சு வாங்க, நெலை தாழ்வு. குளுந்து கெடக்குல்லா? வெளிய எம்புட்டு வெயிலு அடிச்சாலும் இங்க இப்படித்தான். நான் சக்தியப் பெத்தப்பவும் இப்படித்தான் இருந்துச்சு, வெறைச்சுப் போச்சு உடம்பெல்லாம். அந்தத் தாழிய இடிச்சிராதிய. எல்லாம் வாய் தொறந்து நிக்குது பாருங்க, மாசமா இருக்கவுக வரிசையா நிக்கது மாதிரி. கட்டிலத் தாண்டி வாங்க.

இவதான் வடகாசி.

கயிற மிதிச்சுப் பிடிங்க, நான் தாண்டணும். ஆங். விரிசல் எனக்கும் தெரியுது. நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க, பெட்டி அடியில கை குடுங்க. தள்ளுததுக்கு முந்தி நான் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கிடுதேன்.

யக்கா. நான்தான், மாரித்தங்கம். சக்திக்கு வலி கண்டிருக்கு. போன தரம் உங்கிட்டச் சொல்ல முடியல, உன்னப் பேத்துக் கொண்டு போயிட்டாக. அதுக்குக் கோவிச்சுக்கிட்டியோ என்னமோ. நீ எறக்காதத நான் எறக்குனேன், என் மேல வருத்தம் இருந்தா என்னோட வச்சுக்க. எம்புள்ள மேல வைக்காத. இந்தச் சுமைய வாங்கிக்க. இத மட்டும் வாங்கிக்க.

தள்ளுங்க தம்பி. மெல்ல. மெல்ல.

முனங்குது. கல்லு முனங்குது, கேட்டியளா? கைய எடுக்காதிய. இருங்க. இருங்க. ம்... இப்ப மெதுவா எடுங்க.

தாங்கிட்டா.

தாங்கிட்டா தம்பி! உடையல! உடையும் உடையும்னாகளே! தலை எங்க இருக்குன்னே தெரியல, அம்புட்டு லேசா இருக்கு. யக்கா, எங்கக்கா. இனி ஒண்ணும் ஆகாது.

திரும்ப போன். இப்ப எடுக்கலாம். எம் மவளே, இப்ப எடுக்கலாம். உள்ள டவர் கெடைக்காது, வாசப்படிக்குப் போனாத்தான். நீங்க அங்கயே நில்லுங்க தம்பி, பெட்டி சரிஞ்சிராமப் பாத்துக்கிடுங்க.

ஏட்டி சக்தி. சொல்லு. வச்சாச்சுட்டி. நம்ம அக்கா மேல வச்சாச்சு. நீ பயப்படாத... என்ன? எங்கயா? மியூசியத்துல. கல்லுகிட்டத்தான்... அழாதட்டி. எதுக்கு அழுத? வலி கூடிட்டா?... மாப்பிள்ளை இருக்காருல்லா... அவர விட மாட்டாகளா? பின்ன யாரு உங்கூட இருக்கா?... யாரும் இல்லையா? ஏன், உங்க மாமியா எங்க?... வீட்டுக்கா போயிட்டா?

இல்லட்டி, அப்படிச் சொல்லாத. உனக்காகத்தான வந்தேன்... போன தரமும் நான் கல்லுகிட்டத்தான் இருந்தனா? ஆமா. ரோட்டுல, கல்ல எடுக்கக் கூடாதுன்னு மறிச்சுக்கிட்டு நின்னேன்... எனக்குத் தெரியாதுட்டி. நீ என்னைத் தேடுனன்னு எங்கிட்ட யாரும் சொல்லல... சக்தி. ஏட்டி சக்தி. நீ தனியாவா பெத்த அந்தப் புள்ளைய?

...

செத்தவகிட்டயே இரும்மான்னுட்டு வச்சிட்டா.

தம்பி, உங்க வண்டி நல்லா ஓடுமா? பைபாஸ் வரைக்கும் என்னைக் கொண்டு போயி விடணும். இப்பவே. பெட்டி கெடக்கட்டும், ஆபீசரம்மா வந்து என்னமும் செய்யட்டும். போலீசுல வேணும்னாலும் சொல்லட்டும். வாங்க.

வாங்கங்கேன்ல? என்ன அப்படியே நிக்கிய? எதப் பாக்கிய? என் முதுகுக்குப் பின்னால வாசல்தான இருக்கு. ஓ, நீங்க என்னையப் பாக்கலியோ. கல்லப் பாக்கிய. கல்லுகிட்ட என்ன, பெட்டி சரியுதா? எதுக்கு இப்படிப் பின்னாலயே நடந்து வாரிய? கட்டில்ல இடிச்சிராதிய. இம்புட்டு நேரம் வெளிய வெயிலப் பாத்து நின்னுட்டேன், கண்ணு கூசுது, உள்ள எனக்கு ஒண்ணும் தெளிவாத் தெரியல. கல்லுகிட்ட யாரும்...

யாரு தம்பி? பெட்டியப் பிடிச்சுக்கிட்டு நிக்காளா? யாரு?

செவப்பா இருக்காளா?

இல்ல, சொல்லாதிய. நான் வாசலப் பாத்து நின்னுக்கிட்டேன். வேண்டாம், வாயத் தொறக்காதிய. சொன்னியன்னா நான் திரும்பிருவேன். திரும்பினம்னா பேசாம வர மாட்டேன். உக்காந்துருவேன். எம்புட்டு வருசத்துக் கதை இருக்கு, பொழுது அடைஞ்சிரும் தம்பி. எம்புள்ள அங்க ஒத்தையில கெடக்கா, பிடிச்சுக்கிட ஒரு கை இல்லாம கெடக்கா.

நடங்க. நேரா வெளிய பாத்து நடங்க. எனக்குக் கண்ண மறைக்குது, கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க தம்பி.